கரையில்லாக் கடலும் நெய்தல் திணையும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



ஓர் இலக்கிய அமைப்பு பத்தாண்டுகள் தொய்வின்றி நடைபெறுவது எளிய செயல் அன்று. மாதந்தோறும் கூடுவதும், கவிதை படிப்பதும், படித்த கவிதையை முகத்துக்கு நேரே குறை சொல்வதும், அதன் பின்னும் நண்பர்களாகவே வீடு திரும்புவதும் பெரிய பண்பாடு. அப்பண்பாட்டைக் காத்துவரும் உங்கள் அனைவரையும் வாழ்த்தி என் உரையைத் தொடங்குகிறேன்.

புதிய உலகங்களைப் பற்றியும் அவற்றுக்குச் செல்லும் கனவைப் பற்றியும் பேசுமாறு விழாக் குழுவினர் பணித்தார்கள். அண்டம் பெரிது, எனக்கு ஒதுக்கிய நேரம் சிறிது. ஆகவே, கடலால் மூடப்பட்டவை என்று கருதப்படும் கோள்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கோவளம் முதல் கடப்பாக்கம் வரை நீண்ட கடற்கரையைக் கிழக்கெல்லையாகக் கொண்ட மாவட்டம் நம்முடையது. கடலைப் பற்றிப் பேச இதனினும் பொருத்தமான அவை கிடைக்காது.

பிற விண்மீன்களைச் சுற்றும் கோள்களைத் தேடும் முயற்சி அண்மையில் மேலைநாட்டில் தோன்றியது என்றே நம்மில் பலர் எண்ணியிருப்போம். அத்தேடலின் முதல் அத்தியாயங்களுள் ஒன்று சென்னை நுங்கம்பாக்கத்தில் எழுதப்பட்டது. கிழக்கிந்தியக் கம்பெனியார் 1792ஆம் ஆண்டு அங்கே ஒரு வானாய்வகத்தை நிறுவினர். அதன் கருங்கல் தூணில் பிற மொழிகளோடு தமிழிலும் எழுத்துப் பொறித்தனர். 1855ஆம் ஆண்டு அவ்வாய்வகத்தின் தலைவராக இருந்த கேப்டன் ஜேக்கப் என்பார், 70 ஒபியூக்கி என்னும் இரட்டை விண்மீனின் சுழற்சியில் ஒரு பிறழ்வைக் கண்டார். கண்ணுக்குத் தெரியாத ஒரு கோள் அங்கே இருந்து ஈர்ப்பதாலேயே அப்பிறழ்வு நேர்கிறது என்று கருதி, அப்படி ஒரு கோள் இருப்பது பெரிதும் நிகழக்கூடியதே என்று எழுதினார். அக்கருத்து நிலைபெறவில்லை. பின்வந்த கணித அறிஞர்கள் அது பொருந்தாது என்று காட்டினர். ஆயினும் ஜேக்கப் 'உண்டு' என்று எழுதாமல் 'இருக்கக்கூடும்' என்ற அளவிலேயே தம் எழுதுகோலை நிறுத்தினார் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என் உரை முழுவதும் அந்தச் சொல்லைச் சுற்றியே வரப்போகிறது.

அடுத்து 1910ஆம் ஆண்டுக்கு வருவோம். ஹாலி வால்மீன் வானில் தோன்றியது. புதுவையில் இருந்த பாரதி 'சாதாரண வருஷத்துத் தூமகேது' என்னும் கவிதையைப் பாடினான். அக்கவிதையை நீங்கள் அனைவரும் படித்திருப்பீர்கள். வானியல் கண்ணோடு மீண்டும் ஒருமுறை படிக்க வேண்டுகிறேன். வால்மீனின் வால் எத்தனை நீளம், எத்தகைய மெல்லிய வாயுவால் ஆனது, அது மண்ணைத் தீண்டினாலும் தீங்கு இல்லை என்பன போன்ற அக்கால அறிவியல் செய்திகளை அவன் கவிதைக்குள் கொண்டுவருகிறான். கொண்டுவரும்போது அவற்றைத் தான் கண்டதாகச் சொல்வதில்லை. அறிந்தவர்கள் இவ்வாறு சொல்கிறார்கள் என்று அவர்கள் பொறுப்பிலேயே விட்டுவிடுகிறான். அவ்வளவில் நில்லாமல் ஒரு வேதனையையும் வெளியிடுகிறான். நம்முடைய வானத்தில் எழுந்த ஒரு பொருளின் இயல்பை அயலார் சொல்லக் கேட்டே நாம் தெரிந்துகொள்ள வேண்டியதாயிற்றே, தெளிந்தவர் நம்முள் இல்லாமற் போயினரே என்பது அவன் வருத்தம்.

அவ்வருத்தத்துக்குத் தமிழ் மண் விடை சொன்னது. சவ்வாது மலையில் உள்ள காவலூரை நீங்கள் அறிவீர்கள். அங்கே 1968இல் வானாய்வு தொடங்கியது. 1972இல் ஒரு மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி நிறுவப்பட்டது. 1986ஆம் ஆண்டு சனவரியில் 2.34 மீட்டர் விட்டமுள்ள பெரிய தொலைநோக்கி நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அது இன்று வைணு பாப்பு அவர்களின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அதே 1986ஆம் ஆண்டில்தான் பாரதி பாடிய வால்மீன் மீண்டும் வந்தது. எழுபத்தைந்து ஆண்டுக்கு ஒருமுறை வரும் அவ்விருந்தினர் திரும்பியபோது, நம்மவர் கைகளில் கருவி இருந்தது.

காவலூரைப் பற்றி நான் இவ்வளவு சொல்வதற்கு வேறொரு காரணமும் உண்டு. அதே சவ்வாது மலையில்தான் செய்யாறு பிறக்கிறது. அது பாலாற்றோடு கலந்து, நம் செங்கல்பட்டைக் கடந்து, வயலூர் அருகே வங்கக் கடலில் சேர்கிறது. வானத்தைப் பார்க்கும் மலையும் நாம் பார்க்கும் கடலும் ஒரே நீரால் உறவுடையன.

காவலூர் அறிஞர்கள் 1972ஆம் ஆண்டு சூன் 7ஆம் நாள் ஒரு நிகழ்ச்சியை உற்று நோக்கினார்கள். வியாழனின் நிலாக்களுள் மிகப் பெரியதான கனிமீடு, ஒரு விண்மீனை மறைத்துக்கொண்டு சென்றது. மறையும்போதும் வெளிப்படும்போதும் அந்த விண்மீனின் ஒளி எவ்வாறு மங்கியது, எவ்வாறு துலங்கியது என்று காவலூரிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் அளந்தார்கள். கனிமீடுக்கு மெல்லிய வளிமண்டலம் இருக்கிறது என்று முடிவு கண்டார்கள். 1979இல் வாயேஜர் விண்கலம் வியாழனைக் கடந்தபோது, அவர்கள் சொன்ன அளவுக்கு அங்கே காற்று இல்லை என்று தெரிந்தது. ஆனால் 1990களில் ஹபிள் தொலைநோக்கி, மிக மிக மெல்லிய ஆக்சிசன் படலம் ஒன்று அங்கே உண்டு என்று கண்டது. 2015இல் மற்றொரு செய்தி வந்தது: கனிமீடின் பனிக்கட்டி ஓட்டுக்கு அடியில் உப்புநீர்க் கடல் இருப்பதற்கான வலுவான சான்று கிடைத்தது. ஐரோப்பியர் 2023ஆம் ஆண்டு ஏப்ரலில் அனுப்பிய சூசு என்னும் விண்கலம் 2031இல் வியாழனை அடைந்து, 2034இல் கனிமீடைச் சுற்றத் தொடங்கும் என்பது திட்டம்.

நம் மலையிலிருந்து பார்த்தவர்கள் தேடியது காற்றை. பின்னால் வெளிப்பட்டதோ கடல். முதலில் சொன்னது குறைந்தது, குறைந்தது மீண்டும் வேறு வடிவில் வளர்ந்தது. அறிவு இப்படித்தான் அலைபோல ஏறியும் இறங்கியும் வருகிறது.

இனி, தொலைவில் உள்ள கடல்களுக்குச் செல்வோம். 1995இல் சுவிட்சர்லாந்து நாட்டு மேயரும் கேலோவும், சூரியனைப் போன்ற ஒரு விண்மீனைச் சுற்றும் கோளை முதன்முதலாக உறுதியாகக் கண்டனர். அவர்களுக்கு 2019இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. உறுதிசெய்யப்பட்ட கோள்களின் எண்ணிக்கை 6000த்தை எட்டிவிட்டது என்று 2025ஆம் ஆண்டு செப்டம்பரில் நாசா அறிவித்தது. அவற்றுள் சில, பெரும் பகுதி நீரால் ஆனவையாக இருக்கக்கூடும் என்று அறிஞர் கருதுகின்றனர். 2022இல் அறிவிக்கப்பட்ட டிஓஐ-1452பி என்னும் கோளின் எடையில் நூற்றுக்கு முப்பது பங்கு வரை நீராக இருக்கலாம் என்று கணித்தனர். நம் பூமியின் பரப்பில் நூற்றுக்கு எழுபது பங்கைக் கடல் மூடியிருக்கிறது. எடையில் பார்த்தாலோ நூற்றில் ஒரு பங்குக்கும் மிகக் குறைவு. நம் வங்கக் கடலும் இந்துமாக் கடலும் பாறையின் மேல் படிந்த பனித்துளி போன்றவையே.

இவற்றுள் உலகெங்கும் பேசப்பட்டது கே2-18பி என்னும் கோள். சிம்ம ராசிப் பகுதியில், 124 ஒளியாண்டுத் தொலைவில், ஒரு சிவந்த சிறு விண்மீனை 33 நாளுக்கு ஒருமுறை சுற்றுகிறது. 2015இல் அறியப்பட்ட அக்கோளின் எடை பூமியைப் போல் ஏறத்தாழ எட்டரை மடங்கு. விட்டம் இரண்டரை மடங்குக்குச் சற்று அதிகம். இத்தகைய கோளை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. சதுரங்கப்பட்டினத்துக் கரையில் நின்று மாமல்லபுரத்துக் கலங்கரை விளக்கத்தைப் பார்க்கிறோம் என்று கொள்ளுங்கள். விளக்கின் முன் ஓர் ஈசல் குறுக்கே பறந்தால் ஒளி இம்மியளவு குறையுமல்லவா? அக்குறைவைக் கொண்டு ஈசலின் உருவை அளப்பது போன்றது இக்கலை. கே2-18பி குறுக்கே வரும்போது அதன் விண்மீனின் ஒளி ஆயிரத்தில் மூன்று பங்கு மட்டுமே மங்குகிறது. அந்த மூன்று பங்கிலும், கோளின் காற்றை ஊடுருவி வந்த ஒளி ஒரு நூலிழை. அந்நூலிழையை நிறம் நிறமாகப் பிரித்து, எந்த நிறம் விழுங்கப்பட்டிருக்கிறது என்று பார்த்து, அங்கே என்ன வாயு இருக்கிறது என்கின்றனர்.

இதை ஆராய்ந்த குழுவின் தலைவர் பேராசிரியர் நிக்கு மதுசூதன். இந்தியாவில் பிறந்து, வாரணாசியில் பொறியியல் பயின்று, இன்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றுபவர். 2021இல் அவரும் அவர் குழுவினரும், ஹைட்ரசன் காற்றுக்கு அடியில் உலகு தழுவிய கடலை உடைய கோள்கள் என்னும் ஒரு வகையை முன்மொழிந்தனர். 2023இல் சேம்சு வெப் தொலைநோக்கியின் துணையால், கே2-18பியின் காற்றில் மீத்தேனும் கரியமில வாயுவும் இருப்பதை அறிவித்தனர். அவ்வாண்டில் தொலைநோக்கி பெற்ற ஒளி, அந்த விண்மீனை விட்டுப் புறப்பட்டது ஏறத்தாழ 1899இல். அப்போது பாரதி காசியில் பயின்றுகொண்டிருந்த இளைஞன். அவ்வொளி வழியிலேயே இருந்தபோதுதான் அவன் புதுவையில் வால்மீனைப் பாடினான், தெளிந்தவர் இல்லையே என்று வருந்தினான். அதே காசியில் பயின்ற ஒருவர் அதைப் படித்துச் சொல்லும் நாளில் அவ்வொளி வந்து சேர்ந்தது.

2025ஆம் ஆண்டு ஏப்ரலில் அக்குழு மேலும் ஒரு செய்தியை வெளியிட்டது. டைமெத்தில் சல்பைடு என்னும் வாயுவின் அடையாளம் அங்கே தென்படுகிறது என்றது. பெயர் கடினமாக இருக்கலாம். ஆனால் இந்த வாயுவை உங்கள் மூக்கு நன்கு அறியும். கடலில் வாழும் நுண்ணுயிர்ப் பாசிகளால் உண்டாவது அது. மாமல்லபுரத்துக் கரையில் இறங்கியவுடன் முகத்தில் அறையும் கடல் வாடையில் அதற்கும் ஒரு பங்கு உண்டு. 124 ஒளியாண்டுத் தொலைவில் நெய்தல் நிலத்து வாடை வீசுகிறது என்ற செய்தி வந்தால் கவிஞன் சும்மா இருப்பானா? நாளேடுகளே சும்மா இருக்கவில்லை.

ஆனால் அக்குழுவினரே, தற்செயலாக இப்படித் தோன்ற ஆயிரத்தில் மூன்று பங்கு வாய்ப்பு உண்டு என்றும், உறுதியாக அறிவிக்க இச்சான்று போதாது என்றும் சொன்னார்கள். அதே தரவுகளை மீண்டும் ஆராய்ந்த வேறு குழுவினர், அவ்வடையாளம் வலுவானதன்று என்றனர். உயிரே இல்லாத ஒரு வால்மீனிலும் இந்த வாயு இருப்பது முன்பே தெரிந்திருந்தது. அங்கே இருப்பது நீர்க்கடலே அன்று, உருகிய பாறைக் கடலாக இருக்கலாம் என்று வாதிடுவோரும் உளர். வழக்கு இன்னும் முடியவில்லை.

இங்கே கவிஞர்கள் என்னைக் கேட்கலாம்: அறிஞர்களின் வழக்கு முடியும்வரை கற்பனை காத்திருக்க வேண்டுமா? நம் முன்னோர் காத்திருந்தார்களா? மணிமேகலை தெய்வம் ஒரு பெண்ணைக் கடல் கடந்து மணிபல்லவத்துக்குத் தூக்கிச் சென்றது. சீவக சிந்தாமணியில் மயிற்பொறி வானில் பறந்தது. பாகன் இல்லாத வானவூர்தியைப் புறநானூறு குறிப்பிடுகிறது. உண்மைதான். இவற்றைக் காட்டி, விண்கலத்தை நாமே முதலில் கண்டோம் என்று மேடையில் முழங்குவோரையும் நான் கேட்டிருக்கிறேன். அம்முழக்கம் நம் இலக்கியத்துக்குப் பெருமை சேர்ப்பதில்லை. மயிற்பொறி ஓர் ஏக்கத்தின் உருவம். இறகுகளின் கணக்கு அதில் இல்லை. ஏக்கத்தை ஏக்கமாகவே காண்பதுதான் அக்காவியத்துக்கு நாம் செய்யும் மரியாதை.

செல்லும் கனவின் கணக்கையும் ஒருமுறை பார்த்துவிடுவோம். மனிதன் அனுப்பிய கலங்களுள் மிகத் தொலைவு சென்றது 1977இல் புறப்பட்ட முதலாம் வாயேஜர். அது நொடிக்கு 17 கிலோமீட்டர் விரைகிறது. அதே விரைவில் கே2-18பியை நோக்கிச் சென்றால் போய்ச் சேர 20 லட்சம் ஆண்டுகளுக்கு மேல் ஆகும். நம் பேரப் பிள்ளைகளின் பேரப் பிள்ளைகளும் அக்கடலில் கால் நனைக்கப் போவதில்லை.

போக முடியாத கடலைத் தமிழ்க் கவிஞன் என்ன செய்வது? இவ்விடத்தில் நம் திணை மரபு ஒரு வழி காட்டுகிறது. நெய்தல் என்றவுடன் கடல் என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் தொல்காப்பியர் அந்நிலத்தைச் சுட்டுமிடத்து நீரைச் சொல்லவில்லை, பெருமணலைச் சொல்கிறார். அம்மணற் பரப்பை ஓர் உலகம் என்றும் சொல்கிறார். தாழையும் புன்னையும், உப்பு வயலும் மீன் உணங்கலும், பரதவர் சிற்றூரும் எல்லாம் கரையில் இருப்பவை. அத்திணைக்குரிய ஒழுக்கமோ இரங்கல். கடலுக்குள் போனவன் வருவானா என்று மணலில் நின்று பார்த்திருக்கும் நெஞ்சின் நிலை அது. கடலைப் பாடிய நம் மரபு, மிகப் பெரும்பாலும் கரையில் நின்றே பாடியது.

உலகு முழுதும் நீரான ஒரு கோளில் கரை இல்லை. அங்கே அலை எழும், உடைய இடமில்லை. ஓர் அளவுக்கு மேல் ஆழம் மிகுந்தால், அழுத்தத்தாலேயே நீர் இறுகிப் பனிக்கட்டியாகிவிடும். அதற்குக் கீழுள்ள பாறையை நீர் தீண்டுவதே இல்லை. பாறையைத் தீண்டாத நீருக்கு உப்பு எளிதில் வாய்க்காது. கேளம்பாக்கத்து உப்பளங்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு, உவர்ப்பில்லாத கடலை நினைக்கவும் நா கூசுகிறது. கரையும் இல்லை, உப்பும் இல்லை, காத்திருப்பவரும் இல்லை என்றால் அங்கே கடல் உண்டு, நெய்தல் இல்லை.

அதை வெறும் அழகாக எண்ணுவோர்க்கு ஒரு சொல்லை நினைவூட்டுகிறேன். 'கடற்கோள்' என்று எழுதிப் பாருங்கள். கடலாகிய கோள் என்று இன்று ஒருவர் அதற்குப் பொருள் சொல்லக்கூடும். ஆனால் இறையனார் அகப்பொருள் உரை தொட்டு, நிலத்தைக் கடல் கொண்ட பேரழிவுக்கே நாம் அச்சொல்லை வழங்கி வருகிறோம். 2004ஆம் ஆண்டு திசம்பர் 26ஆம் நாள் நம் கரையோர ஊர்களுக்குள் அச்சொல் நடந்து வந்தது. கரை தன் வேலையைச் செய்யாத சில நிமிடங்கள் எப்படி இருக்கும் என்பதை நம் மீனவ மக்கள் கண்டார்கள். கரையே இல்லாத உலகைப் பற்றிக் கவிதை எழுதும் எவரும் அச்சொல்லின் இரு பொருளையும் நெஞ்சில் ஏந்தியே எழுத வேண்டும். அக்கோள்களுக்கு 'ஆழிக்கோள்' என்று பெயரிடலாம் என்பது என் விண்ணப்பம். துயரத்தின் பெயரை வேறொன்றுக்கு எடுத்து வழங்காதிருப்போம்.

அங்கே கரை இல்லை என்றால், கரை எங்கே இருக்கிறது? இங்கேதான் இருக்கிறது. இதுவரை தெரிந்தது இவ்வளவு என்று அறிவு வந்து நிற்கும் எல்லையே அக்கடலுக்கு நாம் பெற்றுள்ள கரை. நுங்கம்பாக்கத்து ஜேக்கப் நின்றதும், காவலூரார் நின்றதும், இன்று கேம்பிரிட்ஜ் குழுவினர் நிற்பதும் அம்மணலில்தான். கவிஞனும் அங்கேயே வந்து நிற்கட்டும். அங்கு நின்று எவ்வளவு தொலைவு வேண்டுமானாலும் பார்க்கட்டும், ஏங்கட்டும், அழைக்கட்டும். நம் தொண்டை நாட்டைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், நீர்ப்பெயற்று என்னும் துறையில் இரவில் திசை தடுமாறிய கலங்களை அழைக்கும் விளக்கு ஒன்று வருகிறது. அத்துறை நம் மாமல்லபுரமே என்பாரும் உளர். அவ்விளக்கு எரிந்ததும் கரையில்தான்.

அம்மணலில் நிற்கத் தமிழ் நமக்கு ஒரு சொல்லையும் தந்திருக்கிறது. தொல்காப்பியர் விதி கூறும் பல இடங்களில் 'என்ப' என்கிறார், 'என்மனார்' என்கிறார். தமக்கு முன்னோர் சொன்னதை அவர்கள் சொன்னதாகவே சொல்லும் நேர்மை அது. பாரதி வால்மீனுக்கு அச்செய்திகளைச் சொன்னதும் அந்த முறையில்தான். அதனால் அக்கவிதையின் வேகம் குறைந்ததா? இல்லை. அறிவியல் மாறினாலும் அக்கவிதை பொய்யாகாமல் நிற்பதற்கு அதுவே காரணம். 'அங்கே உயிர் உண்டு' என்று முடித்துவிட்ட கவிதை, அடுத்த ஆய்வுக் கட்டுரை வந்தவுடன் பழைய நாளேடு ஆகிவிடும். 'உண்டு என்கிறார்கள், என் நெஞ்சு நடுங்குகிறது' என்று எழுதிய கவிதை, அங்கே உயிர் இல்லையென்று நாளை தெரிந்தாலும் உயிரோடு இருக்கும். அதிலுள்ள நடுக்கம் நம்முடையது. அதை எந்தத் தொலைநோக்கியும் மறுக்க முடியாது.

இரங்கல் என்பதை அழுகை என்று மட்டும் கொள்ள வேண்டா. வராததைப் பார்த்திருக்கும் பொறுமையும் அதில் அடங்கும். 20 லட்சம் ஆண்டுத் தொலைவில் ஒரு கடல் இருக்கக்கூடும் என்று அறிந்து, அது உண்டா இல்லையா என்று அளந்து அளந்து காத்திருக்கும் அறிஞரின் உள்ளமும், மணல்மேட்டில் நின்ற தலைவியின் உள்ளமும் ஒரு திணைக்குரியவை. ஆகவே இப்புதிய கடல்களைப் பாடப் புதிய திணை தேடி நாம் அலைய வேண்டுவதில்லை. நெய்தலே போதும்.

கவிஞர் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். இவ்வட்டத்தின் அடுத்த பத்தாண்டில் ஆழிக்கோள்களைப் பற்றி நெய்தல் கவிதைகள் சில எழுந்து வரட்டும். அவற்றை எழுதுமுன் ஒருமுறை காவலூர் மலைக்கும் ஒருமுறை வயலூர் முகத்துவாரத்துக்கும் சென்று வாருங்கள். தெரிந்ததைத் தெரிந்தது என்றும், தெரியாததைத் தெரியாதது என்றும், வேண்டுவதை வேண்டுவது என்றும் எழுதுங்கள். சூசு விண்கலம் கனிமீடைச் சுற்றும் 2034ஆம் ஆண்டில் அக்கவிதைகளை எடுத்து மீண்டும் ஒருமுறை இங்கே படிப்போம். எவை நிற்கின்றன என்று அன்று பார்ப்போம்.